பொறுக்கியெடுத்த அறுபது மீன்

எங்கள் ஆற்று மீன் ஆய்வு நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேலக்கா என்றால்தான் வாட்ச்மேனுக்கும் தெரியும், நிலையத் தலைவரான பெரியவருக்கும் தெரியும். கோட்டுப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அரையடி எஃகு ஸ்கேல் ஒன்று கட்டாயம் இருக்கும். பத்தொன்பது வருடமாக மீனை அளப்பதுதான் அவள் வேலை. நான் அதே அறையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவள். வயதில் அவளைவிட ஆறு வருடம் சின்னவள், வாயில் அவளைவிட அறுபது வருடம் பெரியவள் என்று என் வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்கும் சேர்த்து யாராவது பேச வேண்டியிருந்தது, நான் பேசினேன்.

கீழ்த்தளத்தில் கடைசி அறை எங்களுடையது. இரண்டு ஜன்னல், அதில் ஒன்று பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டது, இன்றுவரை திறக்கவில்லை. நடுவில் வெள்ளைக்கல் மேடை. ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சின்னத் தராசு, ஒரு மைக்ராஸ்கோப், எதிர்ச் சுவர் முழுக்கப் பார்மலின் குடுவைகள். புதிதாக யார் வந்தாலும் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு வெளியே போனால்தான் காற்றில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

நான் சொல்லப்போகிற இரண்டு வருடமும் அந்த மேடைக்கு வந்தது ஒரே வகை மீன். விரல் நீளம், வெள்ளி நிறம், வால் தொடங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. ஆற்றங்கரையில் அதைப் பொட்டுவால் என்பார்கள். அது எத்தனை வயதில் எவ்வளவு வளர்கிறது, எந்த நீளத்தில் பருவத்துக்கு வருகிறது, எந்த மாதம் முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அறுபது மீன் வரும். அக்கா ஒவ்வொன்றையும் பலகையில் கிடத்தி நீளம் பார்ப்பாள், துடைத்து எடை பார்ப்பாள், முதுகுத் துடுப்புக்குக் கீழே நாலு செதில் சுரண்டிக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைப்பாள். ஆற்றில் தண்ணீர் வற்றும் மாதங்களில் மீன் வளராது, செதிலில் அந்த இடத்தில் நெருக்கமாக ஒரு வளையம் விழும். வளையத்தை எண்ணினால் வயது.

அப்புறம் சின்னக் கத்தரிக்கோலால் வயிற்றைத் திறப்பாள். முட்டைப்பை நூலாக மெலிந்திருந்தால் ஒன்றாம் நிலை. வயிறு கொள்ளாமல் பிதுங்கினால் நான்கு. முட்டையெல்லாம் விட்டுவிட்டுச் சுருங்கிக் கிடந்தால் ஐந்து. ஆணாக இருந்தால் வெள்ளை நூல் மாதிரி இரண்டு பால்பை, அவ்வளவுதான். முட்டைப்பையில் ஒரு சிட்டிகை எடுத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணி, மொத்த எடைக்குப் பெருக்குவாள்.

"எத்தனைக்கா?"

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

"அடேங்கப்பா! எனக்கு ரெண்டு பெத்ததுக்கே இடுப்பு ஒடிஞ்சு போச்சு. வெரலளவு இருந்துக்கிட்டு இது என்ன அநியாயம்!"

அவள் சிரிக்கமாட்டாள். உதட்டை மட்டும் ஒரு பக்கம் இழுப்பாள். எண்ணும்போது சிரித்தால் எண்ணிக்கை போய்விடுமாம்.

அவள் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா இதே நிலையத்தில் எழுத்தராக இருந்து திடீரென்று போய்ச்சேர்ந்தார். இவளுக்கு இருபத்திரண்டு வயது, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், பார்வை மங்கிக்கொண்டிருந்த அம்மா. வேலைக்கு வந்துவிட்டாள். தம்பிகள் படித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், தூரத்துக்குப் போனார்கள். அம்மாவும் அவளும் அச்சகம் ஒன்றின் மாடியில் இரண்டு அறையில் இருந்தார்கள். பகல் முழுக்கத் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். அவளுக்கும் ஒரு வரன் வந்ததாம், எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பையனின் அக்கா இவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இது, ஆஸ்பத்திரி வாடை?" என்றாளாம். அதோடு போயிற்று. அன்றிலிருந்து கை கழுவுவதற்கென்று தனியாக ஒரு சோப்பு வைத்திருந்தாள், தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். எனக்கு மட்டும் அந்தப் பெண்பிள்ளை கையில் கிடைத்திருந்தால் அந்த மூக்கையே பார்மலினில் போட்டிருப்பேன்.

இப்போது வலைக்காரருக்கு வருகிறேன். மாதாமாதம் மீன் கொண்டுவந்தவர் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆற்றங்கரையில் தன் அக்காவோடு இருந்தார், மனைவி போய்ச்சேர்ந்து எட்டு வருடம். சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்தரை மணிக்கு வருவார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். முதல் தடவை வந்தபோது பெட்டியில் பெரிசும் பொடிசுமாகக் கலந்து கிடந்தன. அக்கா அளந்துகொண்டே வந்தவள் பெரியதாக ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! இந்த மாதிரி இருந்தா முட்டை எண்ண லேசு" என்று சிரித்தாள். பத்தொன்பது வருடத்தில் மீனைப் பார்த்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வலைக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பெட்டி மூடியைக் கையில் வைத்தபடி நின்றார்.

அதற்கப்புறம் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைதான். முந்தின வெள்ளியே மேடையைத் துடைப்பாள். புதுக் கோட்டு போடுவாள். ஒன்பதரைக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை, பத்தேகாலுக்கு ஒரு தடவை கை கழுவுவாள். அவர் வந்தால் என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்?

"ஆத்துல தண்ணி எப்படி இருக்கு?"

"ஏறுதுங்க."

"சரிங்க."

இதுதான் காதல் சம்பாஷணை! ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன், அவர் அதை அரைமணி நேரம் குடிப்பார், அவள் அதே மீனை மூன்று தடவை அளப்பாள். பிறகு அவர் போவார், சைக்கிள் சத்தம் கேட் தாண்டுகிறவரை கத்தரிக்கோல் அசையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊமை கண்ட கனவு மாதிரி இது என்னக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"என்னத்தைச் சொல்லச் சொல்றே?"

"சரி, அவராவது சொல்லட்டும். அவர் கழுவற மீனில நழுவற மீனு, நீ அதுக்கு மேல."

"எனக்கு நாப்பத்தி ஒண்ணுடி," என்பாள். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஆசை இருந்தது. எத்தனையோ நாள் மதியச் சாப்பாட்டின்போது, "அவங்க வீட்டுக் கரையில உக்காந்தா ஆறு முழுசா தெரியுமாம்" என்று சம்பந்தமில்லாமல் சொல்வாள். அவள் அந்தக் கரைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு வருடத்தில் முடிய வேண்டிய ஆய்வு அது. ஒரே ஒரு வெள்ளத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, இன்னொரு வருடம் பார்க்க வேண்டும் என்று பெரியவரிடம் எழுதிக் கொடுத்து நீட்டித்தவள் அவள்தான். காரணம் நியாயமான காரணம்தான். நான் என்ன நினைத்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் முடிகிற சமயம் பெரியவருக்கு ஒரே குஷி. ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, இதுதான் அவருடைய கடைசி அறிக்கை. இந்த ஆற்றில் பொட்டுவாலில் ஆண் மீன் மிக அரிது, பத்துக்கு ஒன்று என்று முடிவு வந்திருந்தது. ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த மீன் முட்டையிடுவதே இல்லை என்றும் வந்திருந்தது. முதல் மாதக் கணக்கு மட்டும் எதோடும் ஒத்துவரவில்லை, அதில் பாதிக்குப் பாதி ஆண், பெரும்பாலும் பொடிசு. ஏதோ ஆரம்பக் கோளாறு என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

"ஆம்பிளையே இல்லாம இத்தனை முட்டையா சார்? யாரை ஏமாத்துதுங்க இதுங்க?" என்றேன்.

"இயற்கையில எல்லாம் உண்டும்மா," என்று சிரித்தார்.

இருபத்தைந்தாவது திங்கட்கிழமை, ஒரு மாதம் கூடுதலாகப் பார்த்துவிடலாம் என்று வைத்தது, சைக்கிள் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு ஒரு அம்மாள் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து மேடைமேல் டொம்மென்று வைத்தாள். வலைக்காரரின் அக்கா.

"இந்தாங்கம்மா உங்க மீனு. எண்ணலை, அறுபதுக்கு மேலதான் இருக்கும்."

"அவருக்கு என்ன?" என்றாள் ஸ்கேலக்கா. குரல் எனக்கே கேட்கவில்லை.

"காய்ச்சல். எழுந்திருக்க முடியல, ஆனா மீனு போகணும்னு என் உயிரை எடுக்கறான். 'நல்லதா பாத்து எடுக்கா, நல்லதா பாத்து எடுக்கா'ன்னு நூறு தடவை. எனக்கு வேற சோலி இல்லையா? வலையில வந்ததை அள்ளிக் கொட்டிட்டு பஸ் ஏறிட்டேன்."

"நல்லதுன்னா?"

"அட, அவன் மாசாமாசம் அடிக்கற கூத்து உங்களுக்குத் தெரியாதா? இதுக்குன்னே தனியா வலை போடுவான். நானூறு ஐநூறு மீனைக் கொட்டிவெச்சு ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாப்பான். நீளமா இருக்கணும், வயிறு ரொம்பி இருக்கணும், ஒரு செதில் போயிருக்கக் கூடாது. நகைக் கடையிலகூட ஒருத்தரும் இப்படிப் பொறுக்க மாட்டாங்க. பொடிசெல்லாம் எங்க சட்டிக்கு, உங்களுக்கு வர்றது மட்டும் ராஜா வீட்டுச் சீரு. யாருக்குடா இப்படின்னா வாயைத் திறக்க மாட்டான்."

சொல்லிவிட்டு ஸ்கேலக்காவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துவிட்டது போலிருக்கிறது. "தண்ணி குடுங்கம்மா," என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்கேலக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. காதுமடல் வரை சிவந்திருந்தது. திறக்காத ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று மாதம் ஒருத்தர் இவளுக்காக உட்கார்ந்து மீன் பொறுக்கியிருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, "இப்பவாவது தெரிஞ்சுதா, மக்கு!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

பிறகு அவள் அளக்க உட்கார்ந்தாள். பத்துப் பன்னிரண்டு மீன் போயிருக்கும், ஸ்கேல் நின்றுவிட்டது. ஐந்தரை சென்டிமீட்டர் மீன், வயிறு முழுக்க முட்டை, நான்காம் நிலை. அடுத்தது அதைவிடச் சின்னது, வெள்ளை நூல் இரண்டு, ஆண். அடுத்ததும் ஆண். அறுபத்து நாலு மீனில் முப்பத்தொன்று ஆண். அவள் எழுந்துபோய் முதல் மாத நோட்டை எடுத்து விரித்தாள். அதே கணக்கு. தள்ளிவிட்ட அந்த ஒரு மாதம்தான் உண்மை, மற்ற இருபத்து மூன்று மாதமும் அவர் பாசத்தோடு பொறுக்கிக் கொடுத்த பெரிய பெட்டை மீன்கள்.

"ஐயோ," என்றாள்.

மறுநாள்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. நான் சொன்னேன், "இந்த ஒரு மாச மீனைத் தூக்கிப் போட்டுட்டு பேசாம இரு. யாருக்குத் தெரியப்போகுது? விரலளவு மீனு ஆம்பிளையா இருந்தா என்ன, பொம்பிளையா இருந்தா என்ன?"

"இந்த அறிக்கையை வெச்சுத்தான் வலைக்கண்ணு எவ்வளவு பெருசா இருக்கணும்னு உத்தரவு போடுவாங்க. ஒம்பது சென்டிமீட்டருக்குக் கீழ பிடிக்கக் கூடாதும்பாங்க. ஆத்துல இருக்கறதெல்லாம் ஆறு, ஏழு. அந்தக் கரையில இருக்கறவங்க எதைப் பிடிப்பாங்க, தண்ணியையா? அவர் கையாலயே அவர் வலையை அறுத்துக்கறாருடி."

"அப்போ சொன்னா? உன் ரெண்டு வருஷ வேலை குப்பைக்குப் போகும். அவர் மீனு இனிமே வேண்டாம்பாங்க. அவர் எதுக்கு இங்க வருவார்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் காட்டினாள். தினமும் பார்க்கிற தாள்தான், நான் படித்ததில்லை. மூன்றாவது வரி: மீன் கரையேறும்போது அளப்பவர் அங்கே நேரில் நின்று, குவியலைக் கலக்கி, பார்க்காமல் அள்ள வேண்டும்.

"நான் ஒரு மாசம்கூடப் போகல. ஜீப் கிடைக்கலைன்னு எழுதினேன். ஜீப் ஷெட்லதான் நின்னுச்சு."

"ஏன் போகல?"

"போனா, அவர் இங்க வர வேண்டியதில்லையே."

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின குடுவையையே மறுபடியும் கழுவினேன்.

அந்த வாரக் கடைசியில் வலைக்காரரே வந்தார். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டி இல்லை, தன் அக்கா என்ன கொண்டுவந்து கொடுத்தாளோ என்று பார்க்க வந்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கங்க, எங்கக்கா பாக்காம அள்ளிட்டு வந்துட்டாங்களாம்."

"உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார். நான் வெளியே போவதா வேண்டாமா என்று தெரியாமல் பிரஷ்ஷோடு நின்றேன். போகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"எதுக்குங்க பொறுக்கி எடுத்தீங்க?"

அவர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். "சின்னதைக் கொடுக்க மனசு வரல."

"ஏன்?"

"மொத நாள் பெருசு ஒண்ணைத் தூக்கிப் பிடிச்சு சிரிச்சீங்க. திரும்பவும் சிரிப்பீங்கன்னு…"

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நின்றேன். அவள் சொன்னாள், ஆனால் வேறு கதையை. ஆண் மீன் கதை, ஒன்பது சென்டிமீட்டர் கதை, வலைக்கண் கதை. ஒன்றுவிடாமல் நிதானமாக விளக்கினாள். அவர் கேட்கக் கேட்கத் தலை குனிந்துகொண்டே போனது.

"அப்போ நான் கெடுத்துட்டேன்."

"நீங்க மட்டும் இல்லைங்க. தப்பு என்னுதும்தான்."

"உங்க மேல என்ன தப்பு? நீங்க பெரிய மனசுல சொல்றீங்க."

அங்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் வர வேண்டும் என்றுதான் நான் கரைக்கு வரவில்லை என்று ஒரே ஒரு வரி. உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அவர் எழுந்து, கும்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சைக்கிளை ஏறி ஓட்டவில்லை, கேட் வரை தள்ளிக்கொண்டே போனார்.

"நீ கல்லா மண்ணாக்கா?" என்று கத்தினேன். அவள் மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

பெரியவரிடம் அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன், பின்னாலேயே அவளும் வந்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷம்மா," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்புறம், அறிக்கையின் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு போட்டுவிட்டு அனுப்பிவிடலாமா என்றார்.

"குறிப்பை யார் சார் படிப்பாங்க? உத்தரவுதான் கரைக்குப் போகும்."

"நீ ஏன்மா கரைக்குப் போகல?"

"சொல்ற மாதிரி காரணம் இல்லை, சார்."

அவர் நல்லவர் என்று சொன்னேனே, மேலே கேட்கவில்லை. அவளுக்கு ஒரு மெமோ, தவறு அவளுடையதுதான் என்று. வலைக்காரர் மீது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய கரையிலிருந்து இனி மாதிரி எடுக்கக் கூடாது, வேறு மூன்று கரைகளில் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், அளப்பவர் நேரில் போக வேண்டும் என்று உத்தரவானது. அறிக்கை நின்றது. ஆய்வு முதலிலிருந்து தொடங்கியது.

அப்புறம் வந்த திங்கட்கிழமைகளைப் பற்றி என்ன சொல்ல? ஜீப்பில் போவோம், நானும் கூடப் போவேன். சேற்றில் நின்று, குவியலைக் கலக்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அள்ளுவாள். பெரிசு, பொடிசு, ஆண், பெண், எது கைக்கு வருகிறதோ அது. வேலை சரியாக நடந்தது. போகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் பாதை பிரியும், வலது பக்கம் போனால் அவர் கரை. ஜீப் நேராகப் போகும். அவள் ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் திரும்புவாள். திரும்பி, கண்ணுக்கு எட்டுகிறவரை பார்த்துவிட்டு, மடியில் இருக்கிற பெட்டியைச் சரியாக வைத்துக்கொள்வாள். அறையில் இருக்கிற நாட்களில் வெளியே எந்த சைக்கிள் மணி அடித்தாலும் ஸ்கேல் நிற்கும். தபால்காரர் என்று தெரிந்ததும் மறுபடி நகரும். அவர் வரவேயில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவார், என்ன சாக்கில் வருவார்?

"ஏங்கிச் செத்துப் போகப்போறே," என்றேன் ஒருநாள்.

"ஆமா," என்றாள். அவ்வளவு வெளிப்படையாக அவள் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏழாவது மாதம் வெள்ளம் வந்தது. அன்றைக்கு நாங்கள் மேல்கரையில் இருந்தோம். கலங்கல் தண்ணீர் கரையோரப் புல்லுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வலைபோடுகிற பெரியம்மா ஒருத்தி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், முழுகின புல் நடுவே, பொட்டுவால்கள். நூறா ஆயிரமா தெரியவில்லை. ஓட்டத்தை எதிர்த்து மேலே வந்திருந்தன. ஒரு பெரிய பெட்டை புல்லில் உரசிக்கொண்டு போக, பொடிசாக நாலைந்து ஆண்கள் பின்னாலேயே துரத்தின. இத்தனை வருடம் முட்டையை எண்ணினவள் அவை முட்டையிடுவதை அன்றுதான் முதல்தடவை பார்த்தாள். குந்தி உட்கார்ந்துவிட்டாள். புடவை ஓரம் நனைகிறது என்றுகூடத் தெரியவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "பாத்தியா? மூளை கடுகளவு இருக்குமா இதுக்கு? தண்ணி ஏறினா நாமதான் கிளம்பிப் போகணும்னு இதுக்குத் தெரியுது. யாரும் பெட்டியில வெச்சு வாசல்ல கொண்டுவந்து தர மாட்டாங்க."

ஜீப்பில் திரும்பும்போது பாதை பிரிகிற இடத்தில் அவள் அவர் கரைப் பக்கம் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தோடு விட்டுவிட்டாளோ என்று எனக்குப் பக்கென்றது. அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த ஏழு மாதக் கணக்கைப் பெரியவர் ஓய்வு பெறுகிறதற்கு முன்னால் அனுப்பிவைத்தார். மீன் ஐந்தரை சென்டிமீட்டரிலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது, ஆணும் பெண்ணும் சரிபாதி, வலைக்கண்ணை மாற்ற வேண்டாம், வெள்ளம் ஏறுகிற நாலு வாரம் மட்டும் யாரும் வலை போடாமல் இருந்தால் போதும். ஆற்றங்கரை வலைகளெல்லாம் தப்பின. இதெல்லாம் யாரால் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை அவள் அறைக்கு வந்தபோது கோட்டு போடவில்லை. என் பக்கத்தில் வந்து குழாயடியில் நின்றாள்.

"நேத்து போனேன்," என்றாள்.

"எங்க?"

"பஸ்ல."

எனக்கு விளங்கிவிட்டது. குடுவையைக் கீழே வைத்தேன், இல்லையென்றால் உடைத்திருப்பேன். "சொல்லித் தொலைக்கா!"

வலைக்காரர் கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தாராம். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மறுபடியும் தப்பாகிவிட்டது என்று பயந்துபோய்விட்டாராம்.

"மீனு ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டாராம்.

"வேணாம்."

"அளக்க வந்தீங்களா?"

"இல்லை. நீங்க அங்க வரணும்னுதான் ரெண்டு வருஷமா நான் இங்க வராம இருந்தேன். இப்ப நீங்க வர்றதில்லை. அதான் நான் வந்தேன்."

இதை அவள் எனக்குச் சொல்லும்போதே குரல் நடுங்கியது. அங்கே எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பலகையில கிடந்த வலையைச் சுருட்டி அந்தப் பக்கம் நகத்தி வெச்சார்."

"நகத்தி வெச்சு?"

"இடம் இருந்துச்சு," என்றாள். "உக்காந்தேன்."